உலங்கு வானூர்தியின் தோற்றமும் வளர்ச்சியும்

'ஹெலிகொப்டரைக் கண்டுபிடித்தவர் யார்?' என்னும் வினா மாணவரிடையே நடைபெறும் பொது அறிவுப் போட்டிகளில் அடிக்கடி எழுவதொன்று. 'சிக்கோர்ஸ்கி' என ஒரே சொல்லில் விடை கூறினால் முழுப் புள்ளியும் கிடைத்துவிடும். அவ்விடை முற்றும் பிழையென்று கூறுதற்கில்லை. எனினும், நெடியதொரு வரலாற்றை ஒரு பெயரினுள் அடக்கும்பொழுது, அப்பெயருக்கு முன்னும் பக்கத்திலும் நின்று உழைத்த பலர் மறைந்து போகின்றனர். ஒரு பொறி எவ்வாறு உருவாகின்றது என்னும் உண்மையும் இளைஞர் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. ஆதலின், உலங்கு வானூர்தியின் கதையைச் சற்று விரிவாக நோக்குதல் பயனுடைத்து.

இக்கதையில் வியப்புக்குரிய புதிர் ஒன்றுண்டு. சுழலும் இறகினால் மேலெழும் விளையாட்டுப் பொருளைச் சிறுவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கையாண்டனர். ஆகாய விமானத்துக்கு அத்தகைய பழைய முன்மாதிரி இருந்ததில்லை. இருந்தும், ரைட் சகோதரரின் விமானம் 1903 ஆம் ஆண்டிலேயே பறந்துவிட்டது; நம்பிப் பயன்படுத்தத்தக்க உலங்கு வானூர்தி தோன்றுதற்கு மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. முன்னே பிறந்த எண்ணம் பின்னே நிறைவேறியது ஏன்? இவ்வினாவுக்கு விடை காணுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் இயல்பும்

ஹெலிகொப்டர் என்னும் பெயர் கிரேக்க மொழியின் இரு சொற்களிலிருந்து பிறந்தது. ஒன்று சுருளை உணர்த்தும். மற்றது சிறகை உணர்த்தும். 'சுருட்சிறகு' என்பது அதன் நேர்ப்பொருள். இப்பெயரை 1861 இல் ஆக்கியவர் பொந்தொன் தாமெக்கூர் என்னும் பிரெஞ்சுக்காரர். நம் நாட்டுத் தமிழர் இதனை உலங்கு வானூர்தி என வழங்குவர். உலங்கு என்பது கொசுவினத்தைக் குறிக்கும் பழஞ்சொல். நின்ற இடத்திலிருந்தே மேலெழுந்து, அந்தரத்தில் அசையாது நின்று, முன்னும் பின்னும் பக்கமும் நகரவல்ல ஓர் ஊர்திக்கு அச்சொல் நன்கு பொருந்துகின்றது.

சாதாரண விமானத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை மாணவர் முதற்கண் உணர்தல் வேண்டும். விமானத்தின் சிறகு உடலோடு அசையாது பொருத்தப்பட்டுள்ளது. அச்சிறகின் மீது காற்று விரைந்து பாய்ந்தாலன்றி உயர்த்தும் விசை பிறவாது. எனவே விமானம் ஓடுபாதையில் ஓடி வேகம் பெறல் வேண்டும். வானத்திலும் நில்லாது சென்றுகொண்டே இருத்தல் வேண்டும். உலங்கு வானூர்தியிலோ உடல் நிற்கச் சிறகு சுழல்கின்றது. தலைக்குமேற் சுழலும் நீண்ட அலகுகள் ஒவ்வொன்றும் ஒரு சிறகேயாம். அவை சுழல்வதால் தமக்கு வேண்டிய காற்றோட்டத்தைத் தாமே உண்டாக்கிக் கொள்கின்றன. ஆதலின் இதற்கு ஓடுபாதை வேண்டா. ஒரு சிறு வெளி போதும். அலகுகள் பொருந்திய இச்சுழலும் அமைப்பினைச் சுழலி என்போம்.

விளையாட்டுப் பொருளிற் பிறந்த எண்ணம்

வானிற் பறக்கும் ஊர்திகளைப் பற்றிய கற்பனைகள் எல்லா நாட்டு இலக்கியங்களிலும் உள. இராமாயணத்துப் புட்பக விமானமும் சீவக சிந்தாமணியில் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியும் நாம் நன்கறிந்தவை. இவற்றைக் கவிஞரின் கற்பனைவளத்துக்குச் சான்றாகப் போற்றுதல் தகும். முற்காலத்திற் பறக்கும் பொறி இருந்தமைக்குச் சான்றாகக் கொள்ளுதல் வரலாற்று முறைக்கு ஒவ்வாது. வரலாறு வேண்டுவது செய்துகாட்டப்பட்ட பொருளையும், அதைச் செய்த முறையையும் ஆகும்.

அத்தகைய சான்றாக நமக்குக் கிடைப்பது சீனத்து மூங்கிற்றும்பி. ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் முறுக்கிய இறகு போன்ற தகடு பொருத்தப்பட்டிருக்கும். குச்சியை இரு உள்ளங்கைகளுக்கிடையே வைத்து உருட்டி விட்டால் அது விர்ரென்று மேலெழும். நம் சிறுவர் பனையோலையிற் செய்யும் காற்றாடி காற்றினாற் சுழல்வது. மூங்கிற்றும்பியோ சுழல்வதனாற் காற்றைக் கீழே தள்ளித் தான் மேலே செல்வது. ஒன்றை மற்றதன் தலைகீழ் வடிவம் எனலாம். இவ்விளையாட்டுப் பொருளை ஒத்தவை 15 ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஓவியங்களிலும் காணப்படுகின்றன.

அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இத்தாலியின் பேரறிஞர் லியனார்டோ டாவின்சி, திருகாணி வடிவில் துணியைச் சுற்றிய ஒரு பொறியைத் தம் குறிப்பேட்டில் வரைந்தார். திருகாணி மரத்தைத் துளைத்து ஏறுவதுபோல அப்பொறி காற்றைத் துளைத்து ஏறும் என்பது அவர் கருத்து. அது கட்டப்பட்டமைக்குச் சான்றில்லை. மனிதர் கைவலிமையால் அது எழுந்திருக்கவும் முடியாது. ஆயினும் காற்றை ஒரு பொருளாகக் கருதி, அதனைப் பற்றி ஏறலாம் என்று துணிந்த சிந்தனை பெரிதேயாம்.

1754 இல் உருசிய அறிஞர் மிகாயில் லொமொனோசொவ், கடிகார வில்லினால் இயங்கும் சிறு மாதிரி ஒன்றைத் தம் நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் முன்னிலையிற் காட்டினார். ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரு சுழலிகள் அதில் இருந்தன. வளிமண்டலத்தின் மேற்பகுதிக்கு வெப்பமானிகளை அனுப்புதல் அவர் நோக்கம். 1784 இல் பிரான்சில் லோனுவா, பியென்வெனு என்னும் இருவர் பறவை இறகுகளைக் கொண்டு அவ்வாறே எதிரெதிர்ச் சுழலும் மாதிரி ஒன்றை அமைத்தனர். 1796 இல் ஆங்கிலேயராகிய ஜோர்ஜ் கேலி, தக்கையில் இறகுகளைச் செருகி அத்தகைய பொம்மையைச் செய்து ஆராய்ந்தார். பறத்தலைக் கணிதத்தோடும் பௌதிகத்தோடும் இணைத்த முன்னோடி அவரே. 1877 இல் இத்தாலியரான என்றிக்கோ போர்லானினி நீராவியால் இயங்கும் ஆளில்லாப் பொறி ஒன்றை 13 மீற்றர் உயரம் எழச் செய்தார். அது ஏறத்தாழ 20 விநாடிகள் வானில் நின்றது.

இவற்றோடு மற்றொரு பொம்மையையும் குறிப்பிடல் வேண்டும். அல்போன்ஸ் பேனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் 1870 இல், முறுக்கிய இறப்பர்ப் பட்டியினால் இயங்கும் பறக்கும் பொம்மையை அமைத்தார். அவ்வகைப் பொம்மை ஒன்றை 1878 இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் இரு சிறுவர்க்கு வாங்கி வந்தார். வில்பர், ஓர்வில் என்னும் அச்சிறுவர் அதனைப் பார்த்து அவ்வாறே பல செய்தனர். அவர்களே பின்னர் விமானத்தை ஆக்கிய ரைட் சகோதரர். உலங்கு வானூர்தியின் பொம்மை வடிவம் ஆகாய விமானத்தின் பிறப்புக்குத் தூண்டுகோலாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மூன்று சிக்கல்கள்

பொம்மை எளிதாகப் பறந்தபோதும் மனிதரைத் தாங்கும் பொறி ஏன் எழவில்லை? மூன்று சிக்கல்கள் வழிமறித்து நின்றன.

முதலாவது வலுவைப் பற்றியது. ஓடும் விமானத்தைத் தாங்கும் பணியைச் சிறகு மேற்கொள்கின்றது. பொறி அதை முன்னோக்கி இழுத்தாற் போதும். அவ்விழுவிசை விமானத்தின் நிறையிலும் மிகக் குறைந்தது. அந்தரத்தில் நிற்கும் உலங்கு வானூர்தியிலோ முழு நிறைக்கும் சமமான விசையைச் சுழலியே தரவேண்டும். ரைட் சகோதரர்க்குச் சுமார் 12 பரிவலுவுள்ள பொறி போதியதாயிற்று. அதே நிறையை நேரே மேலுயர்த்த அப்பொறி போதாது. நீராவிப் பொறிகள் மிகப் பாரமானவை. இலேசானதும் வலிமிக்கதுமான பெற்றோல் பொறி வளர்ச்சியடையும் வரை மனிதரைத் தாங்கும் உலங்கு வானூர்தி கனவாகவே இருந்தது.

இரண்டாவது சிக்கல் நியூற்றனின் மூன்றாம் விதியிலிருந்து எழுவது. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு. பொறியானது சுழலியை இடமாகச் சுழற்றுமாயின், சுழலி ஊர்தியின் உடலை வலமாகத் திருப்ப முயலும். தடுப்பதற்கு ஒன்றும் இல்லையெனில், விமானி அமர்ந்திருக்கும் கூடு பம்பரமாய்ச் சுழன்றுவிடும். இரு சுழலிகளை எதிரெதிராகச் சுழற்றின் ஒன்றன் விளைவை மற்றது அழிக்கும். லொமொனோசொவ் இதனை முன்னரே கண்டார். வாலிலே செங்குத்தாக ஒரு சிறு சுழலியைப் பொருத்தி உடல் திரும்பாது தடுத்தல் மற்றொரு வழி. இன்று நாம் காணும் பெரும்பாலான உலங்கு வானூர்திகளில் வாற்சுழலி இருப்பதற்குக் காரணம் இதுவே. உருசியரான பொறிஸ் யூரியெவ் 1912 அளவில் இத்தகைய அமைப்பைத் திட்டமிட்டிருந்தார்.

மூன்றாவது சிக்கல் நுட்பமானது; பலர் அதனை முன்கூட்டி அறியவும் இல்லை. ஊர்தி நிற்கும்போது எல்லா அலகுகளும் ஒரே வேகத்திற் காற்றை வெட்டுகின்றன. அது முன்னோக்கிச் செல்லத் தொடங்கியதும் நிலை மாறுகின்றது. அலகின் நுனி மணிக்கு 400 மைல் வேகத்திற் சுழல்வதாகவும், ஊர்தி மணிக்கு 100 மைல் செல்வதாகவும் கொள்வோம். ஒரு பக்கத்தில் முன்னேறும் அலகின் நுனி காற்றை 500 மைல் வேகத்திற் சந்திக்கின்றது. மறுபக்கத்திற் பின்வாங்கும் அலகின் நுனி 300 மைல் வேகத்திலேயே சந்திக்கின்றது. உயர்த்தும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. எனவே அந்நுனிகளில் விசைகள் 25 க்கு 9 என்ற விகிதத்தில் அமையும். ஒரு பக்கம் ஏறக்குறைய மும்மடங்கு விசை பெறுமாயின் ஊர்தி மறுபக்கம் கவிழ்தல் திண்ணம். மேலே எழும்புதல் ஒன்று. கவிழாது முன்செல்லுதல் வேறொன்று. அம்முதற் படியைத் தாண்டியோர் பலர் இரண்டாம் படியில் இடறியமைக்கு இதுவே காரணம்.

தரையை விட்டெழுந்த காலம்

1907 இல் பிரான்சில் இரு முயற்சிகள் நிகழ்ந்தன. லூயி பிரேகே என்பாரும் அவர் சகோதரரும் பேராசிரியர் றிஷே என்பாரோடு சேர்ந்து நான்கு சுழலிகள் கொண்ட பொறியொன்றை அமைத்தனர். அது ஒருவரைத் தாங்கிக்கொண்டு தரையிலிருந்து சற்றே எழுந்தது. ஆயின் அதனைக் கட்டுப்படுத்தும் வழியின்மையால் நான்கு மூலைகளிலும் நான்கு பேர் நின்று பிடித்துக்கொள்ள நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 13 ஆந் திகதி போல் கோர்னு என்னும் சைக்கிள் தொழிலாளர் 24 பரிவலுப் பொறியோடு, எவரும் பிடியாமல் ஓரடி உயரம் எழுந்தார் என்று நூல்கள் கூறும். அச்சிறு பொறியின் வலு அதற்குப் போதியதன்று எனக் கணித்து, பிற்கால ஆய்வாளர் அச்செய்தியை ஐயுறுகின்றனர். முதன்மையை ஒருவர்க்கு வழங்குதல் எத்துணை இடர்மிக்கதென்பதற்கு இதுவே சான்று.

1924 இல் மேலும் முன்னேற்றம் காணப்பட்டது. ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த பெஸ்கரா என்பார் ஏப்பிரல் 18 ஆந் திகதி 736 மீற்றர் தூரம் நேராகப் பறந்தார். மே 4 ஆந் திகதி பிரெஞ்சுப் பொறியியலாளர் எத்தியென் ஓமிஷென் ஒரு கிலோமீற்றர்ச் சுற்றினை 7 நிமிடம் 40 விநாடியிற் பறந்து முடித்தார். ஒரு மாணவன் விரைந்து நடந்தால் ஏறத்தாழ அந்நேரத்தில் அத்தூரத்தைக் கடந்துவிடுவான். அவ்வளவு மெதுவான பயணத்தையே உலகம் அன்று வியந்து பாராட்டிற்று.

சியர்வாவின் பிணைச்சல்

மூன்றாவது சிக்கலை அவிழ்த்தவர் உலங்கு வானூர்தியை ஆக்க எண்ணாத ஒருவர் என்பது கருதத்தக்கது. ஸ்பெயின் நாட்டு ஜுவான் டி லா சியர்வா 1919 இல் தாம் அமைத்த பெரிய விமானம் வேகங் குன்றி வீழ்ந்து நொறுங்கக் கண்டார். வேகங் குறைந்தாலும் வீழாத ஊர்தி வேண்டும் என அவர் உறுதிகொண்டார். முன்னே இழுக்கும் சாதாரண உந்துசுழலியோடு, தலைக்குமேற் காற்றின் பாய்ச்சலினாலேயே தானாகச் சுழலும் அலகுகளைக் கொண்ட 'ஓட்டோஜைரோ' என்னும் ஊர்தியை அவர் திட்டமிட்டார்.

முதலில் அமைத்த ஊர்திகள் ஒருபக்கமாய்க் கவிழ்ந்தன. ஆயின் அவர் செய்த சிறு மாதிரி மட்டும் செவ்வனே பறந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, மாதிரியின் அலகுகள் வளையும் பிரம்பினாற் செய்யப்பட்டிருந்தமை புலனாயிற்று. பேரூர்தியின் அலகுகளோ விறைப்பானவை. வளையும் அலகு, மிகுதியான விசை வரும் பக்கத்தில் மேலெழுந்தும் குறையும் பக்கத்தில் தாழ்ந்தும் விசையைத் தானே சமன்செய்து கொள்கின்றது. எனவே சியர்வா ஒவ்வோர் அலகையும் கதவைப் போலப் பிணைச்சலில் மாட்டினார். 1923 யனவரியில் அவ்வூர்தி கவிழாது பறந்தது. 1928 செப்டெம்பர் 18 ஆந் திகதி அவர் ஓட்டோஜைரோவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

பொறி நின்றாலும் சுழலி நில்லாது சுழன்று ஊர்தியை மெல்ல இறக்கும் என்பதையும் உலகுக்குக் காட்டியவர் அவரே. சிங்கராசக் காட்டிலுள்ள ஹொர மரத்தின் இரு சிறகுடைய காய் பம்பரம்போற் சுழன்று மெல்லத் தரைக்கு வருவதைக் கண்டோர் இவ்வுண்மையை எளிதில் உணர்வர். பொறி பழுதுற்றபோது உலங்கு வானூர்தி விமானிகள் உயிர்தப்புவது இவ்வியல்பினாலேயே. ஆயின் சியர்வா 1936 டிசெம்பர் 9 ஆந் திகதி இலண்டனை அடுத்த குறொய்டன் நிலையத்தில், வழமையான பயணிகள் விமானம் ஒன்று புறப்படும்போது விபத்துக்குள்ளாகியதில் உயிரிழந்தார். வானப் பயணத்தின் ஆபத்தைக் குறைக்கவே உழைத்தவர்க்கு வானப் பயணமே முடிவாயிற்று.

முழுமை பெற்ற பொறிகள்

1930 ஒக்டோபரில் இத்தாலியர் கொறாடினோ டாஸ்கானியோ அமைத்த பொறி 18 மீற்றர் உயரம் எழுந்தது. 1,078 மீற்றர் தூரம் பறந்தது. 8 நிமிடம் 45 விநாடிகள் வானில் நின்றது. பின்னாளில், 1946 இல் வெளிவந்த 'வெஸ்பா' என்னும் ஸ்கூட்டர் வண்டியை வடிவமைத்தவரும் அவரே. நம் ஊர்த் தெருக்களில் அவ்வண்டியைக் கண்டோர், அதனைப் படைத்தவரின் முதற்காதல் வானத்தின்மீது இருந்ததை அறிந்திரார்.

பிரேகே 1935 இல் மீண்டும் இத்துறைக்கு வந்து சிறந்ததொரு பொறியை அமைத்தார். 1936 யூன் 26 ஆந் திகதி யேர்மனியில் ஹைன்றிச் போக்கே அமைத்த ஊர்தி முதன்முதற் பறந்தது. இரு பக்கங்களிலும் நீண்ட கைகளின் மீது எதிரெதிராகச் சுழலும் இரு சுழலிகள் அதில் இருந்தன. போக்கேயின் நிறுவனம் முன்னர்ச் சியர்வாவின் ஓட்டோஜைரோக்களை உரிமம் பெற்றுக் கட்டியது. ஸ்பானியரின் அறிவு யேர்மனியரின் வெற்றிக்கு அடிப்படையாயிற்று. 1937 இல் அவ்வூர்தி 1 மணி 20 நிமிடம் வானில் நின்றது. 2,400 மீற்றர்க்கு மேல் உயர்ந்தது. 1938 பெப்ரவரியில் ஹன்னா றைச் என்னும் பெண் விமானி அதனைப் பெர்லினில் ஒரு மண்டபத்தின் உள்ளேயே மக்கள் முன்னிலையிற் பறக்கச் செய்தார். கட்டுப்பாடு என்னும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பதை அக்காட்சி ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. அதே வேளை, அம்மண்டபத்துக் காட்சி நாசி ஆட்சியின் பிரசாரத்துக்கும் பயன்பட்டது என்பதை மறத்தலாகாது.

சிக்கோர்ஸ்கி

இனி நம் பொது அறிவு விடைக்குரிய மனிதரிடம் வருவோம். இகோர் சிக்கோர்ஸ்கி 1889 இல் கியெவ் நகரிற் பிறந்தார். லியனார்டோவின் கனவுகளைப் பற்றித் தாய் கூறக்கேட்டு வளர்ந்த அவர், பன்னிரண்டு வயதளவில் இறப்பர்ப் பட்டியால் இயங்கும் சிறு மாதிரியைச் செய்தார். 1909 இல் பாரிசிலிருந்து 25 பரிவலுப் பொறி ஒன்றை வாங்கி வந்து முதல் உலங்கு வானூர்தியைக் கட்டினார், அது எழவில்லை. அடுத்த ஆண்டு கட்டிய இரண்டாவது தன் நிறையை மட்டும் தூக்கியது. ஒரு மனிதரைத் தூக்கவில்லை. அக்காலத்துப் பொறிகள் இதற்குப் போதா என்று தெளிந்த அவர், அம்முயற்சியை ஒத்திவைத்து விமானங்கட்குத் திரும்பினார். நான்கு பொறிகள் கொண்ட பெருவிமானங்களைக் கட்டிப் புகழ்பெற்றார். உருசியப் புரட்சியின் பின் 1919 இல் அகதியாய் நியூயோர்க்கை அடைந்தார். ஆசிரியப் பணி செய்து வாழ்க்கை நடத்தி, 1923 இல் உருசிய அகதிகள் பலர் துணையோடு விமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

ஒத்திவைத்த முயற்சியை அவர் மறக்கவில்லை. 1939 செப்டெம்பர் 14 ஆந் திகதி, கனெற்றிக்கட் மாநிலத்து ஸ்றற்போர்ட்டில், வி. எஸ். 300 என்னும் அவரது ஊர்தி கயிறுகளாற் பிணைக்கப்பட்டவாறு சில விநாடிகள் தரையை விட்டெழுந்தது. ஓட்டியவர் சிக்கோர்ஸ்கியே, அப்போது அவருக்கு ஐம்பது வயது. அவ்வூர்தியின் பொறி 75 பரிவலுவுடையது. 1940 மே 13 ஆந் திகதி கயிறின்றிப் பறந்தது. பின்னோக்கியும் பக்கவாட்டிலும் இலகுவாகச் சென்ற அவ்வூர்தி நெடுநாள் முன்னோக்கிச் செல்லத் தயங்கியது. வாலில் மூன்று சிறு சுழலிகள் வைத்துப் பார்த்தார், பின் இரண்டாக்கினார், ஈற்றில் ஒன்றே போதுமென நிறுவினார். 1941 மே 6 ஆந் திகதி 1 மணி 32 நிமிடத்துக்கு மேல் வானில் நின்று யேர்மன் சாதனையை முறியடித்தார்.

ஒரு முதன்மைச் சுழலி, ஒரு வாற்சுழலி என்னும் அமைப்பு இவ்வாறு நிலைபெற்றது. விமானி ஒரு நெம்பினால் எல்லா அலகுகளின் சாய்வையும் ஒருங்கே கூட்டினால் ஊர்தி எழும், குறைத்தால் இறங்கும். மற்றொரு பிடியினால், அலகுகள் சுற்றிவரும்போது ஒரு பக்கத்திற் சாய்வைக் கூட்டியும் எதிர்ப்பக்கத்திற் குறைத்தும் வேண்டிய திசையிற் செல்வார். கால்மிதிகள் வாற்சுழலியை ஆண்டு ஊர்தியின் முகத்தைத் திருப்பும். இம்மூன்று கட்டுப்பாடுகளுமே இன்றுவரை அடிப்படையாக உள்ளன.

முதலிற் பறந்தவர் சிக்கோர்ஸ்கி அல்லர். சுழலியும் வாற்சுழலியும் பிணைச்சலும் அவர் புதிதாகக் கண்டவையல்ல. ஆயினும், சிதறிக் கிடந்த விடைகளை ஒன்றுசேர்த்து, எளிய வடிவில், தொழிற்சாலையில் ஒன்றுபோற் பல செய்யத்தக்க பொறியாக்கியவர் அவரே. அவர்க்குரிய புகழ் அது. அதனைக் குறைக்கவும் வேண்டா, மிகுக்கவும் வேண்டா.

உயிர் காத்தலும் உயிர் கவர்தலும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிக்கோர்ஸ்கியின் ஆர். 4 என்னும் வகை பல செய்யப்பட்டது. தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் நம் நாட்டுக் கண்டி நகருக்கு மாறிய அதே 1944 ஏப்பிரல் மாதத்திற் பர்மாக் காட்டில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. காயமுற்ற பிரித்தானியப் போர்வீரர் மூவரை ஏற்றிய சிறு விமானம் ஒன்று எதிரிகளின் பின்புறத்தில் வீழ்ந்தது. காட்டர் ஹார்மன் என்னும் அமெரிக்க விமானி அம்மூவரையும் வீழ்ந்த விமானத்தின் விமானியையும் ஆர். 4 ஊர்தியில் மீட்டார். வெப்பக் காற்றில் வலுக்குன்றிய அவ்வூர்தி ஒருமுறைக்கு ஒருவரையே தாங்கிற்று. ஆகையால் ஏப்பிரல் 25, 26 ஆந் திகதிகளில் நான்கு முறை சென்று ஒவ்வொருவராகக் கொணர்ந்தார். போர்க்களத்தில் உலங்கு வானூர்தி ஆற்றிய முதல் மீட்புப் பணி இதுவே எனக் கருதப்படுகின்றது.

1946 மார்ச் 8 ஆந் திகதி ஆதர் யங் வடிவமைத்த பெல் 47 என்னும் ஊர்தி அமெரிக்காவிற் பொதுமக்கள் பாவனைக்கான முதற் சான்றிதழைப் பெற்றது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் இவ்வகை ஊர்திகள் காயமுற்றோரை இரு பக்கங்களிலும் கட்டிய படுக்கைகளிற் கிடத்தி மருத்துவ நிலையங்கட்குக் கொண்டு சென்றன. ஆயின் அதே ஊர்திக்குத் துப்பாக்கி பூட்டும் காலமும் விரைவில் வந்தது. அல்ஜீரியாவிலும் பின்னர் வியற்நாமிலும் உலங்கு வானூர்தி போர்க்கருவியாயிற்று.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தோர்க்கு இதனைப் பிற நாட்டுச் செய்தியாகக் கூற வேண்டியதில்லை. 1987 ஒக்டோபரில் இந்தியப் படையினர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் உலங்கு வானூர்திகளில் இறங்கினர். 2009 இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் 'ஹெலி' என்ற ஒலி கேட்டதும் விளையாட்டை விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை ஒன்று நம்மிடையே உண்டு. அவர்கட்கு அச்சொல் கற்குமுன்னே அச்சத்தைக் கற்பித்தது. அதே நாட்டுக்கு, 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்தபின், பல நாடுகளின் உலங்கு வானூர்திகள் உணவும் மருந்தும் கொண்டு வந்து, பாதையற்றுப்போன கரையோரங்களில் இறங்கின. அதே சுழலி, அதே ஒலி. கொண்டுவந்த பொருளே வேறு. பொறிக்கு அறம் இல்லை. அதனை ஏவுவோரிடமே அறம் உண்டு அல்லது இல்லை என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் பாடம் வேறில்லை.

பிற்கால வளர்ச்சி

1950 களில் வாயுச்சுழற் பொறி வந்தபின் முதலாவது சிக்கல் பெரும்பாலும் நீங்கிற்று. இப்பொறி பெற்றோல் பொறியினும் இலேசானது, வலு மிக்கது. 1955 மார்ச் 12 ஆந் திகதி முதற் பறந்த பிரெஞ்சு அலுவெற் 2 இவ்வகையிற் பெருவெற்றி பெற்றது. 1972 யூன் 21 ஆந் திகதி ஜான் புலே என்னும் பிரெஞ்சு விமானி 12,442 மீற்றர் உயரம் எழுந்தார். அங்கே பொறி நின்றுவிட, சியர்வா காட்டிய வழியிற் காற்றினால் மட்டும் சுழலும் அலகுகளோடு தரைவரை பாதுகாப்பாக இறங்கினார். 2005 மே 14 ஆந் திகதி டிடியே டெல்சால் 8,848 மீற்றர் உயர எவரெஸ்ற் சிகரத்தின் உச்சியிலேயே இறங்கி எழுந்தார். 1977 இல் முதற் பறந்த சோவியத்து மி-26 என்னும் ஊர்தி எட்டு அலகுகள் உடையது. 20 தொன் சுமையைத் தூக்கவல்லது.

அனைத்தினும் வியப்பானது 2021 ஏப்பிரல் 19 ஆந் திகதி செவ்வாய்க் கிரகத்தில் நிகழ்ந்தது. அங்குள்ள வளிமண்டலத்தின் அடர்த்தி பூமியிலுள்ளதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. அத்தகைய மெல்லிய வளியில், 1.8 கிலோகிராம் திணிவுள்ள 'இன்ஜெனுவிற்றி' என்னும் ஆளில்லா உலங்கு வானூர்தி மூன்று மீற்றர் உயரம் எழுந்து 39 விநாடிகள் பறந்தது. ஐந்து பறப்புகள் போதுமென எண்ணி அனுப்பப்பட்ட அது, 2024 யனவரியில் அலகு சேதமுற்று ஓயும் வரை 72 முறை பறந்தது. அதில் இருந்தவை ஒரே அச்சில் எதிரெதிராகச் சுழலும் இரு சுழலிகள். 1754 இல் லொமொனோசொவ் காட்டிய அதே அமைப்பு. 1903 இற் பறந்த ரைட் சகோதரரின் விமானத் துணியிற் சிறு துண்டொன்றும் அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. உலங்கு வானூர்திப் பொம்மையிலிருந்து ஊக்கம் பெற்றவர்களின் துணி, உலங்கு வானூர்தியிலேறி மற்றொரு கிரகத்தை அடைந்தது.

முடிவுரை

முன்னே பிறந்த எண்ணம் பின்னே நிறைவேறியது ஏன் என்னும் வினாவுக்கு இனி விடை கூறலாம். எண்ணம் மட்டும் பொறியாகாது. இலேசான வலுவும், திருப்பத்தைத் தடுக்கும் வழியும், கவிழாது காக்கும் பிணைச்சலும் ஒன்றுகூடும் வரை அது காத்திருத்தல் வேண்டும். அவற்றை ஒரு நாட்டார் தனித்துத் தரவில்லை. சீனச் சிறுவனின் பொம்மை, உருசியரின் கடிகார வில், பிரெஞ்சுக்காரரின் ஓரடி எழுச்சி, ஸ்பானியரின் பிரம்பு அலகு, யேர்மனியரின் இரட்டைச் சுழலி, அகதியாய் வந்த ஒருவரின் முப்பதாண்டுப் பொறுமை ஆகியன சேர்ந்தே இன்றைய ஊர்தியாயின. தோற்றோர் என நூல்கள் ஒதுக்கும் பலர், எவ்வழியிற் செல்லலாகாது என்பதைப் பின்வந்தோர்க்கு உணர்த்திச் சென்றனர், அதுவும் அறிவே.

ஆகவே அடுத்த முறை அவ்வினா எழும்போது மாணவர் 'சிக்கோர்ஸ்கி' என விடை எழுதிப் புள்ளியைப் பெற்றுக்கொள்வாராக. அதன்பின், அப்பெயர்க்குப் பின்னால் நிற்கும் வரிசையையும் ஒருகால் நினைப்பாராயின், விஞ்ஞானம் எவ்வாறு வளர்கின்றது என்பதை அவர் கற்றவராவர். அவ்வரிசை இன்னும் முடிந்துவிடவில்லை. அதில் நம் மாணவர்க்கும் இடமுண்டு.